கெண்டை

கண்ணுக்குக் கெண்டையைச் சொன்னவர்கள்
காலுக்கும் அதே பெயரை ஏன் வைத்தார்கள் என்று
விடியப்புறம் மூன்றேகாலுக்குத் தெரிந்துகொண்டேன்.
போர்வைக்குள் அது துள்ளிற்று.
தூண்டிலை விழுங்கியதுபோல்
முழங்காலுக்குக் கீழே புரண்டு
முடிச்சாகி
கல்லாகி நின்றது.
பக்கத்தில் குகதாசன் விழித்து
"என்ன, கனவா?" என்றார்.
கனவுக்கு யாராவது தலையணையைக் கடிப்பார்களா.
கால்விரல்களைப் பற்றி என் பக்கம் இழுத்தேன்,
மீன் மனம் மாறும்வரை.

லோசான் நகரத்தைக் கட்டியவர்களுக்குச்
சமதரையோடு ஏதோ பகை.
ரொட்டிக் கடை மேலே.
மருந்துக் கடை அதற்கும் மேலே, நாற்பத்தொரு படி.
ஏரி மட்டும் கீழே கிடக்கிறது,
யாரும் ஏறி வரச் சொல்லாத நிம்மதியில்.
நான் சலவை நிலையத்தில்
எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று
ஓட்டல் விரிப்புகளின் சுருக்கத்தை எடுக்கிறவள்.
என் சுருக்கம் தோலுக்கு அடியில் இருந்தது,
எந்த இஸ்திரிக்கும் எட்டாமல்.

பிசியோ மதாம் கொர்போ
பெருவிரலால் அழுத்திப் பார்த்து
"கயிறு" என்றாள்.
மாத்திரை எழுதவில்லை, படியை எழுதித் தந்தாள்.
விளிம்பில் முன்பாதம்,
குதிகால் அந்தரத்தில்.
ஏறு. நில்.
மெல்ல இறங்கு, படிக்கும் கீழே, இழுபடும்வரை.
இறங்குவதில்தான் பலம் சேருகிறது என்றாள்.
இதை என் சம்பளச் சீட்டிடம் சொல்ல வேண்டும்.
முட்டியை நிமிர்த்திப் பன்னிரண்டு,
மடக்கிப் பன்னிரண்டு.
மேலே ஒரு தசையாம், அதன் அடியில் இன்னொன்றாம்,
மடக்கினால்தான் அடியில் இருப்பது உழைக்குமாம்.
ஐம்பத்து மூன்று வருஷம்
இரண்டு மீன் வளர்த்திருக்கிறேன்,
ஒன்றென்று நினைத்து.

பல் விளக்கும்போது செய்தேன்.
முட்டை அவியும்போது செய்தேன்.
பேருந்து நிறுத்தத்தில் செய்தபோது
தள்ளுவண்டிக் குழந்தை ஒன்று
என்னோடு தலையை ஏற்றி இறக்கிற்று.
பத்தாம் நாள் இரவு கெண்டை திரும்பவும் புரண்டது.
மதாம் கொர்போவை நல்ல தமிழில் திட்டினேன்.
காலையில் படியில் நின்றேன்,
வேறென்ன செய்ய.

நவம்பரில் லிஃப்ட் நின்றது.
உதிரிப்பாகம் வர மூன்று வாரம் என்று
கதவில் ஒரு தாள்.
நான் ஐந்தாம் மாடி,
கையில் பத்துக் கிலோ அரிசி.
மூன்றாம் மாடி திருப்பத்தில் பையை வைத்துவிட்டுக்
கைப்பிடியைப் பற்றி
என் பன்னிரண்டைத் தொடங்கினேன்.
மெல்ல இறங்குகிறவளை
விளக்கின் கண் ஆளாக மதிப்பதில்லை;
ஏழாவதில் அணைந்துவிட்டது.

இருட்டுக்குள் யாரோ மூச்சுவாங்க வந்தார்கள்.
விளக்கு திரும்ப எரிந்தது.
நாலாம் மாடி மிரேய் பெரோஷோன்,
முதுகில் செல்லோ, சவப்பெட்டி அளவு.
"யாருக்காவது காத்திருக்கிறீர்களா?"
"என் காலுக்கு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
செல்லோவைச் சுவரில் சாய்த்து
எதிர்க் கைப்பிடியைப் பிடித்தாள்.
நாள் முழுக்க உட்கார்ந்தே வாசிக்கிறேன்,
கணுக்கால் துருப்பிடித்துவிட்டது என்றாள்.
எட்டு. ஒன்பது.
விளக்கு மறுபடி அணைந்தது.
எண்ணுவது மட்டும் கேட்டது,
அவள் பிரெஞ்சில், நான் தமிழில்,
அவள் ஒன்று பின்னால்.

பிறகு செல்லோவின் அடியை நான் தாங்க,
அரிசியை அவள் தூக்க,
ஒரு மாடி ஏறினோம்.
எனக்கு மிச்சம் இன்னும் ஒன்று.

கண்ணின் கெண்டைக்கு எத்தனையோ பாட்டு.
காலின் கெண்டைக்கு ஒரு வரி எழுதியவரில்லை.
எழுதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் போலும்.

லிஃப்ட் சரியாகிவிட்டது.
அரிசி வாங்கும் நாளில் ஏறிக்கொள்கிறேன்.
விடியப்புறம் மூன்றேகாலுக்கு
விழிப்பு மட்டும் இன்னும் வருகிறது.
காலை நீட்டிக்கொண்டு
கொஞ்சம் காத்துக் கிடக்கிறேன்.
குகதாசன் குறட்டை விடுகிறார்.
கீழே எங்கோ தெருக்கூட்டும் வண்டி
மூச்சுத் திணறி மேட்டில் ஏறுகிறது.